கையெழுத்துக்கு அப்புறம்: ஆப்பிரிக்க அரசுகள் சேர்ந்து கொடுத்த வாக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 நாடுகள். இவை கூடிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களையும் அறிவித்த பிரகடனங்களையும் அடுக்கினால் ஒரு அலமாரி கொள்ளாது. அவற்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள், யார் தட்டிக் கேட்கிறார்கள், கேட்டால் ஏதாவது நடக்கிறதா? இந்த விஷயத்தைப் பேச்சில் எடுக்கும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

முதலில், அப்படி என்ன வாக்குக் கொடுத்துவிட்டார்கள்?

அடித்தளம் என்று சொன்னால், 1981-இல் நைரோபியில் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைச் சாசனம். 1986 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இன்று மொராக்கோ தவிர எல்லா உறுப்பு நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. அதன்மேல் கட்டியவை பல: குழந்தைகளுக்கான சாசனம் (1990), பெண்கள் உரிமைக்கான மபுட்டோ நெறிமுறை (2003), அதே நாளில் அதே ஊரில் ஏற்கப்பட்ட ஊழல் தடுப்பு ஒப்பந்தம், ஜனநாயகம் மற்றும் தேர்தல் சாசனம் (2007), சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களைக் காக்கும் கம்பாலா ஒப்பந்தம் (2009). கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று சட்டக் கட்டுப்பாடுள்ள ஒப்பந்தம் ஒன்றை ஒரு கண்டம் முழுவதற்கும் போட்டது முதலில் ஆப்பிரிக்காதான். எழுத்தில் குறை சொல்ல முடியாது.

இவை சட்ட வாக்குகள். பண வாக்குகள் தனி. அரசின் ஆண்டு பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2001 ஏப்ரலில் அபுஜாவில் சொன்னார்கள். 10 சதவீதத்தை விவசாயத்துக்கு என்று 2003-இல் மபுட்டோவில் சொன்னார்கள்.

கையெழுத்துப் போட்டாலே கட்டுப்பட்டதாகிவிடாதா?

ஆகாது. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். உச்சி மாநாட்டில் தலைவர் கேமரா முன்னால் போடும் கையெழுத்து, கல்யாணத்துக்கு முன்னால் நடக்கும் நிச்சயதார்த்தம் மாதிரி. அதற்குப் பிறகு நாட்டின் நாடாளுமன்றமோ அமைச்சரவையோ ஏற்பளிக்க வேண்டும். ஏற்புப் பத்திரத்தை அடிஸ் அபாபாவில் ஒன்றியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் அந்த நாடு கட்டுப்படும். அதுவும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நாடுகள் ஏற்பளித்த பிறகே ஒப்பந்தம் உயிர் பெறும்.

ஒரே ஆண்டில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலைவர்களின் மனசு தெரிந்துவிடும். 2018 ஜனவரியில் ஆப்பிரிக்கர்கள் கண்டத்துக்குள் விசா தொல்லை இல்லாமல் போய்வருவதற்கான நெறிமுறை ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 21-இல் கண்டம் தழுவிய தடையற்ற வர்த்தகப் பகுதிக்கான ஒப்பந்தத்தில் கிகாலியில் 44 நாடுகள் ஒரே நாளில் கையெழுத்திட்டன. வர்த்தக ஒப்பந்தம் 22 ஏற்புகளைச் சேர்த்துக்கொண்டு 2019 மே 30-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மக்கள் நடமாட்ட நெறிமுறைக்குத் தேவை 15 ஏற்புகள்தான். ஆண்டுகள் ஓடியும் கிடைத்தவை ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ டோமே என்று விரல்விட்டு எண்ணும் அளவே. சரக்குக்கு எல்லை திறந்த வேகம் ஆளுக்கு இல்லை.

ஏற்பளித்த பிறகும் ஒரு படி உண்டு. உள்ளூர் நீதிமன்றத்தில் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி வாதாட முடியுமா? கென்யாவில் முடியும், ஏற்பளித்த ஒப்பந்தம் கென்யச் சட்டத்தின் பகுதி என்று 2010 அரசியலமைப்பின் 2(6) பிரிவு நேராகவே சொல்கிறது. நைஜீரியாவில் தனிச் சட்டம் போட வேண்டும். ஆப்பிரிக்கச் சாசனத்துக்கு 1983-இலேயே போட்டுவிட்டார்கள். அப்படிப் போடாத நாட்டில் ஒப்பந்தம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

15 சதவீதம், 10 சதவீதம் என்ற கணக்கு என்ன ஆயிற்று?

பிரகடனத்தைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது. அதனால் இங்கே ஒரே ஆயுதம் கணக்கெடுப்பு.

சுகாதாரத்தில் 15 சதவீதத்தை ஒரு சில நாடுகள் சில ஆண்டுகள் தொட்டதோடு சரி. போதாததற்கு, வெளிநாட்டு நிதியுதவியையும் சேர்த்து 15 சதவீதமா, சொந்த வருவாயில் மட்டும் 15 சதவீதமா என்பது பிரகடனத்தில் தெளிவாக இல்லை. கணக்குக் காட்ட வேண்டியவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

விவசாயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. 2014-இல் ஈக்குவடோரியல் கினியின் மலாபோவில் கூடியவர்கள் 10 சதவீத வாக்கைப் புதுப்பித்தார்கள். 2025-க்குள் பசியை ஒழிப்போம் என்றும் சொன்னார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட ஒப்புக்கொண்டது. 2018-இல் வந்த முதல் மதிப்பெண் பட்டியலில் தகவல் கொடுத்த 47 நாடுகளில் 20 சரியான பாதையில் இருந்தன. 2020-இல் நான்கு. 2022-இல் ருவாண்டா ஒன்றுதான். 2024-இல் ஒன்றுகூட இல்லை. பாடம் ஏற ஏறத் தேர்ச்சி வரம்பும் ஏறியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லா நாடும் பின்னோக்கிப் போய்விட்டதாக இதைப் படிக்கக் கூடாது. ஆனாலும் 20, 4, 1, 0 என்ற வரிசை மனசில் நிற்கிறது. 2025 ஜனவரியில் கம்பாலாவில் கூடி 2035 வரைக்குமான புதுப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. தன் தலைவர்கள் எல்லோரும் தோற்றுவிட்டார்கள் என்று அவர்களுடைய சொந்த அமைப்பே அச்சடித்துக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

சட்ட வாக்குகளை யார் கண்காணிக்கிறார்கள்?

காம்பியாவின் பஞ்சுல் நகரில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் இருக்கிறது. 11 ஆணையர்கள்; 1987 நவம்பரில் தொடங்கியது. சாசனத்தின் 62-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நாடும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். நான்கைந்து அறிக்கைகளை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பும் நாடுகள் உண்டு. ஒன்றுகூட அனுப்பாத நாடுகளும் சில உண்டு.

அரசு அறிக்கை என்பது பெரும்பாலும் மாமியார் வீட்டுக்கு எழுதிய கடிதம் போல, எல்லாம் சுகமே என்றுதான் இருக்கும். அதனால் உள்ளூர் அமைப்புகள் நிழலறிக்கை ஒன்று தயாரித்து ஆணையர்கள் கையில் கொடுக்கின்றன. அரசுப் பிரதிநிதி வந்து உட்காரும்போது, “நீங்கள் சொன்ன பள்ளிக்கூடம் எந்த மாவட்டத்தில்?” என்று ஆணையர் கேட்பதற்கு அதிலிருந்துதான் சரக்கு கிடைக்கிறது.

ஆணையத்துக்கு அடுத்து ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம், தான்சானியாவின் அரூஷா நகரில். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயமும் அந்த ஊரில்தான் நடந்தது. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவி பிள்ளை அதன் நீதிபதியாகவும் பின்பு தலைவராகவும் இருந்தார். அது வேறு அமைப்பு. ஊர் ஒன்று என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பாதிக்கப்பட்டவர் நேரே அரூஷா போய் வழக்குப் போடலாமா?

பெரும்பாலோரால் முடியாது. நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 நெறிமுறைக்கு 30-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்பளித்திருக்கின்றன. ஆனால் அதில் 34(6) என்று ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது: தனிமனிதரோ அமைப்போ நேராக வழக்குப் போட வேண்டுமானால் அந்த நாடு தனியாக இன்னொரு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டைக் கட்டிவிட்டு வாசல் சாவியை எதிராளியிடமே கொடுத்த கதை.

இதுவரை 12 நாடுகள் அந்த அறிவிப்பைக் கொடுத்தன. ருவாண்டா 2016-இலும், தான்சானியா 2019-இலும், பெனினும் கோட் டிவாரும் 2020-இலும், துனிசியா 2025-இலும் திரும்பப் பெற்றுக்கொண்டன. மிச்சம் ஏழு: புர்க்கினா ஃபாசோ, மலாவி, மாலி, கானா, காம்பியா, நைஜர், கினி-பிசாவு. திரும்பப் பெற்ற நாடுகளைப் பாருங்கள். ருவாண்டா விலகியது ஓர் எதிர்க்கட்சித் தலைவரின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது. தான்சானியாதான் நீதிமன்றத்தில் மிக அதிக வழக்குகளைச் சந்தித்த நாடு. போதாததற்கு நீதிமன்றமே அதன் மண்ணில்தான் இருக்கிறது.

ஆப்பிரிக்க அமைப்புகளுக்குப் பல் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. பல் முளைக்கிறது. முளைக்கும்போதெல்லாம் பிடுங்கிவிடுகிறார்கள்.

தீர்ப்பு வந்துவிட்டால் அரசுகள் நிறைவேற்றுமா?

அரூஷா தீர்ப்புகளில் முழுமையாக நிறைவேறியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. இதை எண்ணிக்கையாகச் சொல்வதைவிட ஒரு வழக்கின் வழியாகச் சொல்வது நல்லது.

கென்யாவின் மாவ் காட்டில் ஒகியெக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். வேட்டையும் தேனும் அவர்கள் வாழ்க்கை. மரத்தில் கூடு கட்டித் தேன் எடுப்பவர்கள் மரத்தை வெட்டுவதில்லை. 2009 அக்டோபரில் வனத்துறை முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. காடு அழிகிறது, நீர்ப்பிடிப்பைக் காக்க வேண்டும் என்பது காரணம். மக்கள் அடுத்த மாதமே ஆணையத்திடம் போனார்கள். ஆணையம், தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. கென்யா 34(6) அறிவிப்புக் கொடுக்காத நாடு. மக்களால் நேரே அரூஷா போக முடியாது. ஆனால் ஆணையத்தால் போக முடியும். 2012-இல் ஆணையமே வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

2017 மே 26-இல் தீர்ப்பு. ஒகியெக் பூர்வகுடிகள், காட்டின்மேல் அவர்களுக்கு உரிமை உண்டு, காடு அழிந்ததற்கு அவர்கள்தான் காரணம் என்பதை அரசு நிரூபிக்கவில்லை. அரசு ஒரு பணிக்குழு போட்டது. பணிக்குழு என்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2022 ஜூன் 23-இல் நீதிமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்புக் கொடுத்தது: பொருள் இழப்புக்கு 5 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங், மனவேதனைக்கு 10 கோடி, நிலத்தை அளந்து கூட்டு உரிமைப் பத்திரம் கொடுக்கவும் உத்தரவு. 2023 நவம்பரில் மாவ் காட்டில் மறுபடியும் வெளியேற்றம் தொடங்கியது. வீடுகளைப் பிரித்துப் போட்டார்கள்.

தீர்ப்பால் பயனே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2009-இல் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். இன்று அவர்கள் கையில், ஒரு கண்டத்தின் நீதிமன்றம் கொடுத்த, உரிமையாளர்கள் என்று சொல்லும் காகிதம் இருக்கிறது. கென்ய நீதிமன்றங்களில் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

தீர்ப்பை மதித்த நாடு புர்க்கினா ஃபாசோ. நோர்பர் சோங்கோ என்ற பத்திரிகையாளர் 1998 டிசம்பரில் கொல்லப்பட்டார். உள்ளூரில் வழக்கை மூடிவிட்டார்கள். ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று அரூஷா 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அக்டோபரில் அதிபர் கொம்பாவோரேயின் 27 ஆண்டு ஆட்சி தெருப் போராட்டத்தில் விழுந்தது. அடுத்த ஆண்டு விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. நீதிமன்றம் திறந்ததா, தெரு திறந்ததா என்று கேட்டால், தெருவுக்கு நீதிமன்றம் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தது என்பேன்.

முழுசாக நடந்து முடிந்த ஒரு உதாரணம் சொல்லுங்களேன்?

நைஜரைச் சேர்ந்த ஹதிஜத்து மனி. 1996-இல், 12 வயதில், 2,40,000 சிஎஃப்ஏ ஃபிராங்குக்கு (அந்த நாட்டு நாணயம்) ஒருவருக்கு விற்கப்பட்டார். அங்கே ‘வாஹியா’ என்று ஒரு வழக்கம்: மதம் அனுமதிக்கும் நான்கு மனைவிகளுக்கு மேல் வாங்கிவைத்துக்கொள்ளும் ‘ஐந்தாவது மனைவி’, அதாவது அடிமை. வீட்டு வேலை, வயல் வேலை, மற்றதெல்லாம். நைஜர் 2003-இல் அடிமைமுறையைக் குற்றமாக்கியது. 2005-இல் அந்த எஜமானர் விடுதலைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, நீ என் மனைவி, போகக்கூடாது என்றார். இவர் வெளியேறி வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டார். உடனே, கணவன் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்த குற்றத்துக்காக உள்ளூர் நீதிமன்றம் இவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. அடிமையாக வைத்திருந்தவர் வெளியே, அடிமையாக இருந்தவர் உள்ளே.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸுக்கு ஒரு நீதிமன்றம் உண்டு, தலைமையிடம் அபுஜா. 2005 முதல் தனிமனிதர்கள் நேரே அங்கே போகலாம். உள்ளூர் நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நீதிமன்றம் 2008-இல் தானே நைஜர் தலைநகர் நியாமேக்கு வந்து உட்கார்ந்து வழக்கைக் கேட்டது. அக்டோபர் 27-இல் தீர்ப்பு: அடிமைமுறையிலிருந்து அவரைக் காக்க அரசு தவறிவிட்டது, ஒரு கோடி சிஎஃப்ஏ ஃபிராங்க் இழப்பீடு. நைஜர் அரசு பணத்தைக் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பமான மாணவிகள் பள்ளிக்கு வரக்கூடாது என்று சியரா லியோன் 2015-இல் தடை போட்டது. இதே நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது பாகுபாடு என்றது. 2020 மார்ச்சில் தடை போய்விட்டது. மூன்றே மாதம்.

ஆனால் நைஜர், மாலி, புர்க்கினா ஃபாசோ மூன்றும் 2025 ஜனவரி 29-இல் எக்கோவாஸை விட்டு வெளியேறிவிட்டன. கூட்டமைப்போடு அதன் நீதிமன்றமும் போயிற்று. இன்று இன்னொரு ஹதிஜத்துவுக்கு அந்தக் கதவு இல்லை.

நீதிமன்றத்தையே மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேனே?

அது தெற்கே, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் தீர்ப்பாயம். நமீபியாவின் விண்டுக்கில் இருந்தது. ஜிம்பாப்வேயில் நிலம் பறிக்கப்பட்ட வெள்ளை விவசாயி மைக் கேம்பெல்லும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 2008 நவம்பரில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காலனி ஆட்சி நிலத்தைப் பங்கிட்ட விதம் அநியாயம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. தீர்ப்பாயம் கேட்டது, நஷ்டஈடும் கொடுக்காமல், நீதிமன்றத்துக்குப் போகவும் விடாமல் பறிக்கலாமா என்பதை. ஜிம்பாப்வே அதிபர் முகாபேயின் அரசு தீர்ப்பை ஏற்க மறுத்தது. சாடெக் தலைவர்கள் கூடினார்கள். ஜிம்பாப்வேயைக் கண்டிப்பார்கள் என்று பார்த்தால், 2010-இல் தீர்ப்பாயத்தை நிறுத்திவைத்தார்கள். 2012-இல், இனி நாடுகளுக்கு இடையிலான தகராறு மட்டும்தான், தனிமனிதர் வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. வென்ற விவசாயிகள் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களுக்குப் போனார்கள். அங்கே அது செல்லும் என்று 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. கேப்டவுனில் ஜிம்பாப்வே அரசுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதை ஏலம் விட்டார்கள். அப்புறம் 2018-இல் அதே அரசியலமைப்பு நீதிமன்றம், தீர்ப்பாயத்தை முடக்கும் முடிவில் அதிபர் ஜுமா கையெழுத்திட்டது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதாவது வெளியே கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி அதிபரை நிர்ப்பந்தித்தது உள்நாட்டு நீதிமன்றம். இந்த வழியை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தலாம்.

தலைவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக்கொள்ளும் முறை ஒன்று உண்டாமே?

2003-இல் தொடங்கிய ஆப்பிரிக்க சக மதிப்பாய்வு முறை. விருப்பப்பட்ட நாடு சேரலாம். நாற்பதுக்கும் மேற்பட்டவை சேர்ந்திருக்கின்றன. வல்லுநர் குழு நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதும். அதைத் தலைவர்கள் கூடி விவாதிப்பார்கள். முதுகு சொறிகிற வேலைதானே என்று நானும் நினைத்திருந்தேன், தென்னாப்பிரிக்க அறிக்கை பற்றித் தெரியும் வரை.

2007-இல் வந்த அந்த அறிக்கை, பிற ஆப்பிரிக்க நாட்டவர்மேல் வெறுப்பு வளர்கிறது, கவனியுங்கள் என்று எச்சரித்தது. இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான தாபோ எம்பெக்கிதான் அப்போது அதிபர். அவர் அரசு, அது உண்மையே இல்லை என்று தள்ளிவிட்டது. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க் அருகில் தொடங்கிப் பரவிய தாக்குதல்களில் 62 பேர் இறந்தார்கள்.

ராணுவப் புரட்சி நடந்தால் ஒன்றியம் உடனே நீக்கிவிடுகிறதே, அது பலன் தருகிறதா?

இடைநீக்கம் வேகமாகத்தான் நடக்கிறது, பெரும்பாலும். சிக்கல் திரும்பச் சேர்ப்பதில். 2007 ஜனநாயகச் சாசனத்தின் 25(4) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆட்சியைக் கவிழ்த்தவர், ஜனநாயகத்துக்குத் திரும்புவதற்காக நடக்கும் தேர்தலில் போட்டியிடக் கூடாது. காபோனில் 2023 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்த தளபதி 2025 ஏப்ரலில் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்த மாதமே ஒன்றியம் இடைநீக்கத்தை விலக்கிக்கொண்டது. எகிப்திலும் 2013-14-இல் இதே கதைதான். சாடில் 2021-இல் அப்பா இறந்ததும் மகன் ராணுவத்தோடு பதவியில் உட்கார்ந்தார். அங்கே இடைநீக்கமே இல்லை.

இதெல்லாம் மேற்கத்திய நாடுகள் திணித்தது என்கிறார்களே?

சொல்பவர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்கப்பட்ட அமைச்சர்கள். இவை ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. தனிமனித உரிமையோடு ‘மக்கள்’ என்ற கூட்டத்தின் உரிமையையும், கடமைகளையும் சேர்த்து எழுதியது 1981 சாசனம். கருக்கலைப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட முதல் பன்னாட்டு உரிமை ஒப்பந்தம் மபுட்டோ நெறிமுறைதான்.

பணத்தைப் பற்றிச் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ஒன்றியத்தின் திட்டங்களுக்கு வெகுகாலமாக வெளியார் பணம்தான் பெரும்பங்கு. அதை மாற்ற, தகுதியான இறக்குமதிகள்மேல் 0.2 சதவீதம் வரி போடலாம் என்று 2016-இல் கிகாலியில் முடிவெடுத்தார்கள். அதைச் செயல்படுத்தியவை சில நாடுகளே. அந்த முடிவும் ஒரு வாக்குத்தானே.

சாதாரண மக்கள் இதில் என்ன செய்துவிட முடியும்?

எனக்குப் பிடித்த உதாரணம் கால்பந்து அட்டை. மபுட்டோ நெறிமுறை 2003 ஜூலையில் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய குழந்தைகள் சாசனம் நடைமுறைக்கு வர ஒன்பது ஆண்டு இழுத்தது. பெண்கள் அமைப்புகள் 2004-இல் ஒரு கூட்டணியாகச் சேர்ந்தன. உச்சி மாநாட்டு அரங்கில் பிரதிநிதிகளிடம் அட்டைகள் கொடுத்தார்கள்: கையெழுத்தே போடாத நாட்டுக்குச் சிவப்பு, கையெழுத்துப் போட்டு ஏற்பளிக்காத நாட்டுக்கு மஞ்சள், ஏற்பளித்த நாட்டுக்குப் பச்சை. ஆப்பிரிக்காவில் சிவப்பு அட்டைக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டுமா? கூடவே கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாகக் கையெழுத்து இயக்கம். 2005 நவம்பர் 25-இல், 15-ஆவது ஏற்பு கிடைத்து நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. இரண்டேகால் ஆண்டு சொச்சம்.

இருக்கும் சட்டத்தைக் காப்பதும் வேலைதான். பெண் உறுப்பு சிதைப்பைக் காம்பியா 2015-இல் தடை செய்தது. 2024-இல் அந்தத் தடையை நீக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. பாதிக்கப்பட்ட பெண்களே மாதக்கணக்கில் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்கள். நாடு ஏற்பளித்த மபுட்டோ நெறிமுறையை எடுத்துக் காட்டினார்கள். ஜூலை 15-இல் மசோதா தோற்றது.

தனி அதிபரைக் கூண்டில் ஏற்றியது உண்டா?

ஒன்றியத்தின் சார்பில், ஒருமுறை. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசென் ஹாப்ரே தப்பித்து செனகலில் குடியேறினார். பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் துரத்தினார்கள். ஆப்பிரிக்காவின் சார்பில் நீங்களே விசாரியுங்கள் என்று 2006-இல் ஒன்றியம் செனகலிடம் சொன்னது. செனகல் இழுத்தடித்தது, 2012-இல் சர்வதேச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தனி நீதிமன்றம் அமைத்து 2016 மே 30-இல் டக்காரில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இழப்பீடு 8,200 கோடி சிஎஃப்ஏ ஃபிராங்குக்கும் மேல். அதை வசூலித்துக் கொடுக்க வேண்டிய நிதியத்திலிருந்து பணம் வராமல், முதியவர்களாகிவிட்ட பலர் காத்திருந்தே இறந்தார்கள். ஹாப்ரே 2021-இல் இறந்தார்.

எந்த நாடு ஒழுங்காக இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. விவசாய மதிப்பெண்ணில் முதலில் நின்ற ருவாண்டாதான் அரூஷாவிலிருந்து முதலில் விலகியது.

ஒரு நாடு அந்த 34(6) அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டால், ஏற்கெனவே போட்ட வழக்குகள் என்ன ஆகும்?

தொடரும். ருவாண்டா விலகியபோதே நீதிமன்றம் இதை முடிவுசெய்துவிட்டது: விலகல் ஓராண்டு கழித்துத்தான் செல்லுபடியாகும், அதற்குள் வந்த வழக்குகளை விசாரித்தே தீர்வோம். அதனால் தான்சானியாவின் விலகல் 2020 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கைதிகள் அனுப்பிய மனுக்கள் நிறைய. கட்டாய மரண தண்டனை கூடாது என்று 2019-இல் தீர்ப்பு வாங்கியவர்களும் தான்சானியச் சிறையில் இருந்தவர்கள்தான். விலகல் அமலுக்கு வந்து ஆண்டுகள் கழித்தும் அரூஷா, தான்சானியா மீதான தீர்ப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறது, தான்சானிய மண்ணில் உட்கார்ந்துகொண்டே.